வழியில் அழுத குழந்தை

சென்ற சித்திரை வெயிலில் ஒரு நண்பகல் வேளை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். பாலவனத்தம் நெருங்குகையில், முன்னிருக்கையிலிருந்த இளந்தாய் ஒருத்தியின் மடியில் கிடந்த கைக்குழந்தை வீறிட்டு அழலாயிற்று. தட்டிக் கொடுத்தாள், தோளில் சாய்த்தாள், வளையலை ஆட்டிக் காட்டினாள். அழுகை அடங்கவில்லை. பிள்ளைக்குப் பசி என்பது பேருந்திலிருந்த அனைவருக்கும் தெரிந்துதான் இருந்தது. எனினும் அவள் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாளேயன்றிப் பாலூட்டத் துணியவில்லை. கம்பியைப் பிடித்து நின்ற ஆடவர் இருவரின் கண்கள் அவள்மேலேயே இருந்தன.

அடுத்திருந்த மூதாட்டி ஒருவர் தம் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார். "நீ பிள்ளைய அமத்து தாயி, நான் மறைச்சுக்கிடுதேன்" என்றார். பிறகு அவ்வாடவரைப் பார்த்து, "நீங்களும் ஒருத்தி மடியில கெடந்து குடிச்சவங்கதானய்யா, அங்கிட்டுத் திரும்புங்க" என்றார். அவர்கள் திரும்பினர். அழுகை நின்றது.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் சமீன் ஊர் பாலவனத்தம். வானம் பார்த்த பூமி. ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைத்தாலன்றி உலை கொதிக்காத சீமை. நம் இளமைக் காலத்தில், பருத்திக்காட்டில் வேலை செய்த தாய், மரக்கிளையில் கட்டிய தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து, வரப்பிலேயே அமர்ந்து பாலூட்டினாள். அதை வெட்கம் என்று எவரும் எண்ணவில்லை. உற்றுப் பார்க்கவும் இல்லை. இன்றோ, சுவரொட்டியிலும் திரைப்படத்திலும் பெண்ணுடலைக் கண்டு கூசாத கண், பாலூட்டும் தாயைக் கண்டதும் ஒன்று கூசுகிறது, அல்லது வெறிக்கிறது. மாறியது தாயன்று, நம் பார்வையே!

குழந்தையின் பசிக்கு நேரம் பார்க்கத் தெரியாது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் தொடங்கி, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பின்னர் பிற உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஆறு மாதத்தில், நம் ஊர்க் கோடையிலுங்கூட, தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே போதிய நீர் உண்டு. வேளை தவறினால் தாய்க்குப் பால் கட்டி வலிக்கும். குடிக்கக் குடிக்கவே சுரப்பதாகையால், குடிப்பது குறையின் சுரப்பும் குறையும். பார்வைக்கு அஞ்சிய தாய் வெளியே செல்லும்போதெல்லாம் புட்டிப்பாலை நாடுவாளாயின், இழப்பு யாருக்கு?

அரசு இதனை உணராமலில்லை. 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்கெனத் தனி அறைகள் திறக்கப்பெற்றன. 2025 பிப்ரவரி 19-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் இத்தகைய அறைகள் அமைவதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும் என்றது. அத்தோடு நில்லாது, பெண்களின் மாண்பைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்பதையும் நினைவூட்டி, பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்றும் கூறிற்று. இப்பிற்பகுதியே நமக்குரியது. அறையைக் கட்டுவது அரசின் வேலை. பார்வையைத் திருத்துவது யார் வேலை? அறை இருப்பது பேருந்து நிலையத்தில். பசி வருவதோ பாதி வழியில்!

"அடக்கம் வேண்டாமா?" எனச் சிலர் வினவுவர். வேண்டும். ஆனால், பெண்ணை இச்சையோடு நோக்குபவனைப் பற்றிப் பேசிய ஆண்டவர், குற்றத்தை நோக்கப்பட்டவள்மீது சுமத்தவில்லை. நோக்கியவன் உள்ளத்திலேயே கண்டார். அடக்கம் சேலைக்கு மட்டுமன்று, கண்ணுக்கும் உரியதன்றோ?

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். பல ஆண்டுகளுக்குமுன், ஒரு ஞாயிறு திருப்பலியில் நாம் மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கையில் குழந்தையொன்று விடாது அழுதது. "அழும் பிள்ளையை வெளியே கொண்டுபோங்கள்" என்று பீடத்திலிருந்தே சொன்னோம். ஏழைத் தாய் ஒருத்தி தலை குனிந்து எழுந்து சென்றாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோவில் சுவரின் குறுகிய நிழலில், வெயிலில் கால் நீட்டி அவள் பாலூட்டிக்கொண்டிருந்தாள். நற்கருணை வாங்கவும் அவள் உள்ளே வரவில்லை. விருந்துக்கு வந்தவளை வாசலில் நிறுத்திவிட்டோமே என்று அன்று நெஞ்சு சுட்டது, இன்றும் சுடுகிறது.

2014 சனவரி 12-ஆம் நாள், உரோமையில் சிஸ்டின் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பசித்து அழும் பிள்ளைக்குத் தயங்காமல் அங்கேயே பாலூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார். 2025-இல் இறைவனடி சேர்ந்த அப்பெருந்தகையின் அச்சொல்லைக் கேட்டபோது, நம்மைக் கண்டித்ததாகவே உணர்ந்தோம்.

எனவே, அன்பர்களே, பெரிய செயல் எதுவும் வேண்டியதில்லை. பேருந்தில் பிள்ளைத்தாய் ஏறினால் எழுந்து சன்னலோர இருக்கையைக் கொடுங்கள். பால் குடிக்கும் பிள்ளையைக் கண்டால், முகஞ்சுளிக்காமல் உங்கள் பேச்சைத் தொடருங்கள். மருமகளை "வீட்டிற்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம்" என்று அதட்டாதீர், மாமியாரே! மனைவி பாலூட்டும்போது வெட்கி விலகி நில்லாமல் அருகில் நில்லுங்கள், கணவரே! கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கத் துணிபவனை, இளைஞரே, நீங்களே தடுத்து நிறுத்துங்கள். எம் கோவிலில் தூணோரம் ஒரு விசுப்பலகை போட்டிருக்கிறோம், அது தாய்மாருக்கு. அங்கேதான் அமரவேண்டும் என்னும் கட்டளை இல்லை, எங்கும் அமரலாம்.

வேளாங்கண்ணி மரபை நீங்கள் அறிவீர்கள். குளக்கரையில் இளைப்பாறிய பால்காரச் சிறுவன்முன் தோன்றிய அன்னை, தம் குழந்தைக்குப் பால் கேட்டார். வழியில் நின்ற ஒரு தாய், பசித்த ஒரு குழந்தை. அச்சிறுவன் கண்டது அவ்வளவே. கேட்டதைக் கொடுத்தான்.

பேருந்திலே சேலைத் தலைப்பை விரித்த அம்மூதாட்டி பாலவனத்தத்தில் இறங்கிவிட்டார். பெயர் கேட்க நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் இறங்கிய பின்னரும், அவ்விருவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை உறங்கிவிட்டது.