ஓசையும் ஆற்றலும்

குறைகுடம் கூத்தாடும், நிறைகுடம் நீர் தளும்பாது என்பது நம் முன்னோர் மொழி. மனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துமா? முழங்கிக்கொண்டு செல்லும் கார் உண்மையிலேயே ஆற்றல் மிக்கதுதானா? சைலன்ஸரை மாற்றி ஓசையைப் பெருக்கினால் வேகமும் பெருகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு காரையே சான்றாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியின் மூனிக் நகரிலுள்ள பி. எம். டபிள்யூ. நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் 'எம் 5' என்னும் காரை உலகுக்குக் காட்டியது. பார்வைக்கு அது நான்கு கதவுகளையுடைய குடும்பக் கார். பாய்ச்சலிலோ பந்தயக் காருக்கு உறவு. அதன் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருந்தன. 2005 ஆம் ஆண்டை ஒட்டி விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறைக் காரில் பத்து சிலிண்டர்கள் இடம் பெற்றன. அதன் ஆற்றல் 507 குதிரைத் திறன்.

எஞ்சின் ஏன் ஓசையிடுகிறது? பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிறகு கழிவு வால்வு திறக்கிறது. அப்போதும் உள்ளே வாயு மிகுந்த அழுத்தத்தோடுதான் இருக்கிறது. ஆகவே அது குழாய்க்குள் சீறிப் பாய்கிறது. ஒவ்வொரு சீற்றமும் ஓர் அதிர்ச்சி. எஞ்சின் இருமுறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை சீறும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்து நொடிக்கு 300 அதிர்ச்சிகளும், பத்து சிலிண்டர் எஞ்சினிலிருந்து 500 அதிர்ச்சிகளும் எழும். அதிர்வெண் உயர உயரச் சுருதி உயரும் என்பதை மாணவர்கள் அறிவீர்கள். பத்து சிலிண்டர் கார் உச்சக் குரலில் பாடுவதன் இரகசியம் இதுவே.

இனிப் புகைக்குழாயின் பணியைக் காண்போம். அது வாயுவை வெளியேற்றும் வெறும் சாக்கடை அன்று. சீறி வரும் வாயுவுக்கு முன்னே ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய்கள் ஒன்று கூடும் அகன்ற இடத்தை அடைந்ததும் அந்த அலை அழுத்தக் குறைவாக மாறித் திரும்புகிறது. அது வால்வை மீண்டும் வந்தடையும் கணத்தில், சிலிண்டரில் எஞ்சிய கழிவை உறிஞ்சியிழுத்து, புதுக் கலவை நுழைய வழி செய்கிறது. கணம் தவறினாலோ பயன் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 500 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் செல்லும். குழாயின் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால், அலை போய்த் திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகும். 6,000 சுற்றில் அதற்குள் எஞ்சின் ஏறக்குறைய 105 பாகை திரும்பிவிடும். 3,000 சுற்றில் அதில் பாதியே திரும்பும். ஆகவே, ஒரு வேகத்தில் உரிய நேரத்துக்கு வரும் அலை, மற்றொரு வேகத்தில் முந்தி வந்துவிடும். எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே குழாய் கிடையாது. குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் வகுப்பவர், ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும்.

குழாயின் கடைசியில் இருப்பது சைலன்ஸர். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். துளையிட்ட குழாயைச் சுற்றி நார்ப்பஞ்சை அடைத்து ஒலியை உறிஞ்சுவது ஒரு முறை. அறைகள் பலவற்றை அமைத்து, அலையை அலையாலேயே அழிப்பது மற்றொரு முறை. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே சுருதி எழுகிறதன்றோ? அத்தகைய அறையைத் தக்க அளவில் வைத்தால், அது தன் சுருதிக்குரிய இரைச்சலை அடக்கிவிடும்.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவோர் பலர். ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச் போன்ற நிறுவனங்கள் டைட்டேனியத்தால் இவற்றைச் செய்கின்றன. அந்த உலோகத்தின் எடை எஃகின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே வண்டியின் பளு குறைகிறது, குரலும் மாறுகிறது. ஆயின் ஆற்றலில் காணும் ஏற்றம் பெரும்பாலும் சிறிதே.

எனக்குப் பழக்கமான அன்பர் ஒருவர் மூனிக்கில் அந்தப் பத்து சிலிண்டர் காரை வைத்திருந்தார். அவர் கடைசிப் பகுதியோடு நிற்கவில்லை. ஒரு பட்டறையில் சைலன்ஸரை அகற்றி, நடுவில் இருந்த வினையூக்கிப் பெட்டியையும் அகற்றி, பருத்த நேர்குழாய்களைப் பூட்டச் செய்தார். வண்டியை முடுக்கியபோது என் நெஞ்சே அதிர்ந்தது. "பார்த்தீரா, எவ்வளவு வேகம்!" என்றார். அந்நேரம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது!

பின்னர், சக்கரங்களைச் சுழலவிட்டு ஆற்றலை அளக்கும் மேடையில் காரை ஏற்றினார்கள். உச்ச வேகத்தில் சிறிது ஆதாயம் தெரிந்தது. நகரத் தெருக்களில் நாள்தோறும் பயன்படும் நடுவேகத்திலோ இழுவை முன்னிலும் குறைந்திருந்தது. பருத்த குழாயில் வாயு மந்தமாக நகர்ந்ததும், அலைகளின் ஒழுங்கு கெட்டதுமே காரணம். நண்பரின் காது அவரை ஏமாற்றிவிட்டது. காதைத் துளைக்கும் முழக்கத்திலும் ஒலியாகச் செல்லும் ஆற்றல் சில வாட்டுகளே. 507 குதிரைத் திறனோ 3,70,000 வாட்டுக்கும் மேல். சில வாட்டுகளைக் கேட்டு இலட்சங்களை எடைபோட இயலுமா?

இழுவை குறைந்ததைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. வினையூக்கிப் பெட்டிக்குள் தேன்கூடு போன்ற நுண்துளைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் உலோகங்கள் மெல்லியதாகப் படிந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அவை பெருமளவு தீங்கற்றவையாக மாற்றுகின்றன. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு முதல் இப்பெட்டி கார்களில் பரவியது. இதை அகற்றுபவர் தம் மகிழ்ச்சிக்குரிய விலையைத் தெருவில் நடக்கும் குழந்தையின் மூச்சிலிருந்து எடுக்கிறார். ஒப்புதலின்றி இவ்வாறு மாற்றிய வண்டி, ஜெர்மனியில் சாலையில் ஓடும் உரிமையையே இழந்துவிடும்.

ஓசைக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஆம் ஆண்டு தொடங்கி, சாதாரணப் புதிய கார்களுக்கான அளவை 72, 70, 68 டெசிபெல் என்று படிப்படியாகக் குறைக்க விதி செய்தது. டெசிபெல் பத்துக் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும் என்பதை எண்ணினால், இந்தச் சிறு எண்களின் பெருமை விளங்கும்.

2011 ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த எம் 5 காரில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அதில் பொருத்திய டர்போ என்னும் சுழலி, கழிவு வாயுவின் வேகத்தையே உண்டு ஆற்றலைப் பெருக்கியது. ஓசையோ தணிந்தது. ஆற்றல் 560 குதிரைத் திறனாக ஏறியும், ஓட்டுபவருக்கு நிறைவு தோன்றுவதற்காக, எஞ்சினின் குரலை உள்ளிருக்கும் ஒலிபெருக்கிகள் வழியே ஒலிக்கச் செய்தார்கள்! ஆற்றல் வேறு, ஓசை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நல்ல எஞ்சினின் குரலை விரும்புவது குற்றம் அன்று. நானும் அதில் மயங்குபவனே. ஆனால் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்று அறிந்து மாற்றுவதே அறிவு. அந்த நண்பர், விடியற்காலையில் அயலார் விழித்துக்கொள்வரே என்று கூசி, சில நாள் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பின் ஒரு நாள் பழைய வினையூக்கிப் பெட்டியையும் சைலன்ஸரையும் தாமே பட்டறைக்கு எடுத்துச் சென்றார். இப்போது அவர் கார் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.