அன்று தலையசைப்பு, இன்று ஏலம்

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலத்துக்கு முன் அனுபவசாலி வியாபாரி ஒருவரின் கையைக் கவனியுங்கள். மூட்டையின் மேலே மின்னுவதை அவர் தொடமாட்டார். கையை அடிவரை விட்டு ஒரு காயை எடுப்பார். கட்டைவிரலால் தோலை அழுத்துவார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். மஞ்சளாகப் பழுத்ததைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும். பச்சைக்காய் தூரப் பயணம் தாங்கும். ஆனால் சாறு பிடித்திருக்கிறதா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். விளையாட்டுக்கு இளம்பிள்ளைகளை எடுப்பதும் இப்படிக் காய் பார்க்கிற வேலைதான்.

புளியங்குடி இருக்கும் தென்காசி தனி மாவட்டமானது 2019இல். அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பையன் கிரிக்கெட்டில் மேலே போக விரும்பினால், விடிகாலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். வலைப்பயிற்சியில் சில பந்துகள் வீசக் கிடைக்கும். அதற்குள் அவனுடைய தலையெழுத்து முடிவாகிவிடும். ஒரு தேர்வாளருக்குப் பிடித்தால் போதாது, மற்றவர்களும் தலையசைக்க வேண்டும். எல்லோருக்கும் பிடிப்பவன் பெரும்பாலும் பழகிய பாணியில் ஆடுபவன். விநோதமாக வீசுகிறவனுக்கு, “அடுத்த வருஷம் பார்ப்போம் தம்பி” என்பதே பதில். அவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஊரோடு ஒத்து எடுத்த முடிவு தவறினால் யாரையும் யாரும் கேட்கமாட்டார்கள். தனித்து நின்று எடுத்தது தவறினால் பெயர் கெடும்.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ரஞ்சியில் அறிமுகமானதுமே பந்துவீச்சு முறைமீது சந்தேகம் கிளம்பி, அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தவர் அவர். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கிய அவர் விலை 3 கோடியில் நின்றது.

ஏலத்தின் கணக்கே வேறு. அங்கே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும், இரண்டு பேர் விடாப்பிடியாகக் கேட்டால் விலை ஏறிவிடும். தேர்வுக் குழு தாண்டிப்போகும் பையனுக்கு இது பெரிய வாசல். ஆனால் கடைசியாகக் கை தூக்குபவர், எல்லோரையும்விட அதிகம் நம்பியவர். அந்த நம்பிக்கையின் பாரம் முழுவதும் பையன் தோளில் இறங்குகிறது. அந்த 2017 சீசனில் நடராஜன் 6 ஆட்டங்களில் எடுத்தது 2 விக்கெட். மறுவருடம் அவர் விலை 40 லட்சம். தமிழ்நாட்டின் இன்னொரு பந்துவீச்சாளர் வருண் சக்கரவர்த்தியை 2019 சீசனுக்கு 8.4 கோடிக்கு எடுத்தார்கள். காயத்தால் ஒரே ஆட்டத்தோடு முடிந்தது.

ஆட்களைத் தவறாக எடைபோட்டுவிட்டார்களா? இல்லை. காயை வாங்கிவிட்டு அன்றைக்கே பழச்சாறு கேட்டார்கள். நடராஜனை எடுத்த ஹைதராபாத் அணி இரண்டு சீசன் களமிறக்கவில்லை; கைவிடவும் இல்லை. 2020இல் அவர் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். அதையடுத்த ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். வருணும் அதே 2020இல் கொல்கத்தாவுக்காக 17 விக்கெட் எடுத்து நிமிர்ந்தார்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு சாட்சி உண்டு. அவர்கள் நாட்டுக் கால்பந்துக்கு 1986 முதல் கிளப்புகள் முறைவைத்து இளைஞர்களை எடுக்கின்றன. 2001இல் டேன் ஸ்வான் என்ற வீரர் 58ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் 57 பெயர்கள். 2011இல் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் அவர் கழுத்தில் ஏறியது.

அன்று எங்கள் பையன்களுக்கு வாசல் இல்லை. இன்று வாசல் திறந்திருக்கிறது, காத்திருக்க ஆள் இல்லை. ஆகவே அணிகளிடம் கேட்கிறேன்: எங்கள் ஊர்ப் பையனை எடுத்தால், விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று சீசனாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்காய் நிறம் மாற நாலு நாள் ஆகும் என்பது எங்கள் மண்டியில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.