அடுத்த மேஜைக்காரர்கள்

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் விவேக் நகரில் வெளியே கிளம்புவது வீண் வேலை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் ஆட்டோவும் நகராது, ஆளும் நகர முடியாது. அப்படியொரு வியாழனன்று, எங்களோடு தங்கி மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் அக்கா மகன், ஏழு மணிக்குக் கணினியை மூடிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டான். நானும் முளைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வழக்கம்போல் ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். பெயர் 'தி ஆபீஸ்'. காகிதம் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகத்தில் நடக்கும் கூத்து. அவர்களுடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் முப்பத்தோரு வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். மேஜை, ஃபைல், மேனேஜர் என்றால் எந்த நாடானாலும் விளங்கிவிடும்.

அன்று பார்த்த பகுதி 2006 செப்டம்பர் 21இல் அங்கே ஒளிபரப்பானதாம். மேனேஜர் மைக்கேல் ஸ்காட், கணக்கர் ஆஸ்கர் மார்ட்டினெஸை விளையாட்டாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கிண்டல் செய்கிறார். ஆண்மேல் ஆசை வைக்கும் ஆண்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை அது. ஆஸ்கர் உண்மையிலேயே தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்று பிறகு தெரிய வந்ததும் மேனேஜருக்கு வேர்க்கிறது. மன்னிப்புக் கேட்கப் போகிறார். போனவர் சும்மா இருக்கக் கூடாதா? அந்த மனிதர் இத்தனை நாள் தன்னோடு வைத்திருந்த விஷயத்தை அலுவலகம் முழுவதும் பரப்பிவிடுகிறார். டுவைட் என்ற ஊழியர், இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் உண்டா என்று தேடுகிறார். கடைசியில் எல்லோரையும் கூட்டி, தான் எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று காட்டுவதற்காக, ஆஸ்கரைக் கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்துவிடுகிறார் மேனேஜர். வழக்குப் போடாமல் இருப்பதற்காகக் கம்பெனி ஆஸ்கருக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுமுறையும் ஒரு காரும் தருகிறது.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் ஒரு தடவைகூட ஆஸ்கரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் பேசாமல் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கிறார். கோமாளியாவது எல்லாம் அடுத்த மேஜைக்காரர்கள்தான். அந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலியும் கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

இது ஒரே நாளில் வந்துவிட்ட மாற்றமல்ல. 1972 முதல் 1985 வரை பி.பி.சி.யில் 'ஆர் யூ பீயிங் செர்வ்டு' என்று ஒரு தொடர் வந்தது. பெரிய துணிக்கடை ஒன்றின் ஊழியர்களைப் பற்றியது. அதில் ஆண்கள் பிரிவில் வேலை செய்யும் ஹம்ஃப்ரீஸ் என்ற பாத்திரத்தில் ஜான் இன்மன் நடித்தார். குழைந்த நடை, குழைந்த குரல். அவர் இன்னார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் வாயைத் திறந்தாலே அரங்கம் அதிரும். தங்களைக் கேலிப்பொருளாக்குகிறார்கள் என்று தன்பால் ஈர்ப்புடைய சிலர் அப்போதே ஆட்சேபித்தார்கள். அதற்கும் முன்பே, 1971 பிப்ரவரியில், அமெரிக்காவின் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடர் வேறு வழியில் போயிற்று. குடும்பத் தலைவர் ஆர்ச்சி, மருமகனின் மென்மையான நண்பனைப் பார்த்து முகம் சுளிக்கிறார். கடைசியில் பார்த்தால் அந்த நண்பன் அப்படியில்லை. ஆர்ச்சி மெச்சிக்கொள்ளும் கட்டுமஸ்தான கால்பந்து வீரர்தான் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்! நடையையும் குரலையும் வைத்து ஆளை எடை போடுகிறவரின் முட்டாள்தனமே அங்கே நகைச்சுவை.

1997 ஏப்ரல் 30இல் எலன் டிஜெனரஸ் தம் தொடரில் விமான நிலைய ஒலிபெருக்கி முன்னால் தெரியாமல் நின்றுகொண்டு தம்மைப் பற்றிய உண்மையைச் சொன்னார். நான்கு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அடுத்த வருடமே தொடர் நிறுத்தப்பட்டது. அதே 1998இல் தொடங்கிய 'வில் அண்ட் கிரேஸ்' பல வருடம் வெற்றிகரமாக ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்தது 2013 முதல் 2021 வரை வந்த 'புரூக்ளின் நைன்-நைன்'. காவல் நிலையக் கதை. கேப்டன் ரேமண்ட் ஹோல்ட் கறுப்பினத்தவர், தன்பால் ஈர்ப்பு உள்ளவர், கணவரோடு வாழ்பவர். ஆண்ட்ரே பிரவர் நடித்தார். 2023 டிசம்பரில் காலமாகிவிட்டார், பாவம். உண்மையை வெளியே சொன்னதற்காகத் தலைமைப் பொறுப்பு கொடுக்காமல் வருடக்கணக்காக ஒதுக்கிவைத்தார்கள் என்பதை முதல் பகுதியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் நாம் சிரிப்பது அவருடைய கல் போன்ற முகத்தைப் பார்த்து, இலக்கணப் பிழையைக் கண்டு அவர் படும் வேதனையைப் பார்த்து. எங்கள் தமிழாசிரியர் ஒருவரை அப்படியே உரித்து வைத்தது போலிருக்கும்! ஆஸ்கரும் பிற்பாடு தப்புச் செய்கிறார். சக ஊழியை ஏஞ்சலாவின் கணவரோடே ரகசிய உறவு வைத்துக்கொள்கிறார். எப்போதும் நல்லவனாகவே இருந்து பாடம் சொல்ல வேண்டிய வேலை அவருக்கு விட்டது. அதையும் நான் முன்னேற்றம் என்றுதான் சொல்வேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். மேலே சொன்ன ஆஸ்கர் கதை வருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 2006 ஆகஸ்டில், 'வேட்டையாடு விளையாடு' வெளியானது. கமல்ஹாசன் நடித்து கௌதம் மேனன் இயக்கிய படம். கொலைகாரர்கள் இருவரையும் கதாநாயகர் மடக்கும்போது, நீங்கள் அப்படிப்பட்டவர்களா என்று கேட்டு இளக்காரம் செய்கிறார். கொலை செய்ததைவிட அதுதான் பெரிய அவமானம் போல! 2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் 'ஐ' படத்தில் அலங்காரக் கலைஞராக வரும் திருநங்கையை நாயகனும் நண்பரும் கேலி செய்யும் விதத்தைக் கண்டித்துச் சென்னையில் திருநங்கையர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். திருநங்கை வேறு, ஆண்மேல் நாட்டமுள்ள ஆண் வேறு. நம் நகைச்சுவைக்கு இருவரும் ஒன்றே. கையை ஆட்டிக் குரலைக் குழைத்தால் போதும். வெங்கட் பிரபுவின் 'கோவா' 2010இல் ஓர் ஆண் ஜோடியைக் கதைக்குள் கொண்டுவந்தது. சிரிப்புக்குத்தான் என்றாலும் அவர்களுக்கும் ஊடலும் பொறாமையும் உண்டு என்று காட்டியது. சின்னத்திரையில் 2008இல் விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ஒரு திருநங்கையே நடத்தினார். அது பேச்சு நிகழ்ச்சி. சிரிப்பு நிகழ்ச்சிகளிலோ ஆண் புடவை கட்டி வந்தால்தான் கைதட்டல்.

2018 செப்டம்பர் 6இல், மனமொத்த இருவரின் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தாமே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை மறைக்காமல் ஓர் உத்தரவு எழுதினார். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டது. சொல் கிடைத்துவிட்டது. சட்டமும் வழிவிட்டது.

"ஆனா எங்க டீம்ல ஒருத்தர் இருக்கார் சித்தி," என்றான் பையன். "திங்கட்கிழமை எல்லாரும் லீவுல எங்க போனோம், யாரோட போனோம்னு பேசுவோம். அவர் மட்டும் டீ எடுக்கப் போயிடுவார்."

அப்போதுதான் அவனிடம் எங்கள் அலுவலகக் கதையைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

1987இல் எனக்கு அடுத்த மேஜையில் ஒருவர் இருந்தார். நம் தமிழர்தான். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். வீட்டில் வயதான அம்மா மட்டும். கல்யாணமாகவில்லை. மெல்லிய குரல், மடிப்புக் கலையாத சட்டை, அச்சடித்தது போன்ற கையெழுத்து. அவர் இன்னார் என்று எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. நாங்களே முடிவு கட்டிவிட்டோம். தமிழில் ஒன்பது என்ற எண்ணுக்கு இருக்கும் கேவலமான அர்த்தம் உங்களுக்குத் தெரியும். எங்கள் பிரிவில் லெட்ஜர்களுக்கு எண் உண்டு. ஒன்பதாம் லெட்ஜர் யார் கையில் இருந்தாலும், மாலைக்குள் அது அவர் மேஜையில் இருக்கும். யாராவது கொண்டுபோய் வைப்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். கன்னடக்காரர்களுக்கும் அந்த நகைச்சுவையை விளக்கிச் சொன்னது நம்மவர்கள்தான். அவர் ஒன்றும் பேசாமல் அதைத் திறந்து வரவு வைப்பார்.

இரண்டு வருடம் பொறுத்தார். பிறகு தாமாகவே எழுதிக் கொடுத்து ஹூப்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ராத்திரி பூராவும் ரயிலில் போக வேண்டிய ஊர். அம்மா தங்கவயலில். எல்லோரும் பணம் போட்டு ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தோம். தேநீர், காராபூந்தி, இரண்டு வார்த்தை பாராட்டு. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்களும் சிரிச்சீங்களா சித்தி?"

"சிரிச்சேன்பா. ஒருநாள் அந்த லெட்ஜரைக் கொண்டுபோய் வச்சதும் நான்தான்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியை அணைக்கவுமில்லை. கீரையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தான்.

அவர் போன மறுநாள் ஒன்பதாம் லெட்ஜர் என் மேஜைக்கு வந்தது. உள்ளே ஒரு தாளில், பாக்கி நிற்கும் வவுச்சர்களின் எண்களை வரிசையாக எழுதி, எதை முதலில் முடிக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தார். நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கணக்கு என்னிடம்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.