பாட்டிலில் புகும் காசு... அரிசியை இழுக்கும் காசு!

பழைய அஞ்சு ரூபாய் காசின் அகலம் 23 மில்லிமீட்டர். சோடா பாட்டிலின் வாய் அதைவிடச் சின்னது. காசு உள்ளே போகுமா?

போகாது. ஆனால் போகிறது!

பாட்டிலின் அடியில் ஒரு தட்டு. 'டங்' என்று ஒரு சத்தம். காசு உள்ளே! குலுக்கினால் கலகலவென்கிறது. இந்த வித்தையைச் செய்து காட்டினால் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்து டீக்கடையானாலும் சரி, கல்வராயன் மலை வெள்ளிமலைக் கடைத்தெருவானாலும் சரி, வாயில் வைத்த வடையை மெல்ல மறந்துவிடுவார்கள்.

மந்திரமா? மண்ணாங்கட்டி! சூட்சுமம் எல்லாம் காசில்தான் இருக்கிறது.

ரப்பர் செய்யும் வேலை

இது வித்தைக்காரர்களுக்கு என்றே தயாராகும் காசு. மெல்லிய வாளால் காசைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகிறார்கள். விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு காடி. அந்தக் காடிக்குள் குட்டி ரப்பர் வளையம். அழுத்தினால் காசு மடங்கும். விட்டால் ரப்பர் இழுத்து நேராக்கிவிடும். மடங்கிய காசு பாட்டில் கழுத்தில் நுழைந்து, உள்ளே போய் விரிந்துகொள்கிறது. அவ்வளவுதான் ரகசியம்!

இன்னொரு ரகம் 'ஓடு'. ஒரு பக்கம் மட்டும் இருக்கும், உள்ளே குடைந்திருக்கும். நிஜக் காசின் மேல் தொப்பி போல உட்காரும். ஒரு காசு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூன்றாவது ரகம் காந்தக் காசு. 1992-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் காசு துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். இது வித்தைக்காரர்களுக்குப் பெரிய வசதி.

சில நூறு ரூபாய் கொடுத்தால் இந்த மாதிரிச் சாமான் பார்சலில் வீடு தேடி வருகிறது. பிரித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். "இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு காசு குடுத்தோம்!" என்று மேஜை டிராயரில் போட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

நிஜமான சிக்கல் அப்புறம்தான் வரும். வித்தை முடிந்ததும் எதிரே நிற்பவர் சும்மா இருப்பாரா? "தம்பி, அந்தக் காசைக் கொஞ்சம் குடு, பார்க்கலாம்" என்று கையை நீட்டுவார். கொடுத்தால் மானம் போச்சு! அதனால் அதே மாதிரி ஒரு நல்ல காசை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்து, கண் இமைக்கிற நேரத்தில் மாற்ற வேண்டும். கண்ணாடி முன் நின்று வாரக் கணக்கில் பழக வேண்டிய வேலை இது. பார்சலில் காசு வரும்; கை வராது. நாளானால் ரப்பர் இற்றுவிடும். நாலு பேர் முன்னால் அறுந்தால் காசு துண்டு துண்டாகத் தரையில் உருளும்!

'காசு ராஜா' என்று உலகம் கொண்டாடிய அமெரிக்கர் நெல்சன் டவுன்ஸ், மேடைக்கு வருமுன் ரயில்வேயில் தந்தி அடித்துக் கொண்டிருந்தவர். குமாஸ்தாக்கள் மனம் தளர வேண்டாம்!

நம் ஊருக்கும் இது புதிதல்ல. செப்பு எனும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்துப் பந்தை மறைக்கும் கலைக்குத்தான் 'செப்படி வித்தை' என்று பெயர். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகச் சொல்லியே தாயத்து விற்று முடித்த மோடி மஸ்தானை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காசை அறுத்தால் ஜெயில்!

வீட்டிலேயே அரத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் காசை ராவ உட்கார வேண்டாம். 2011-ஆம் வருஷ நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் சிதைப்பதும் குற்றம். சிதைத்த காசைக் கையில் வைத்திருப்பதும் குற்றம்! தண்டனை 7 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. அமெரிக்காவில் ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். இங்கே ஏன் இத்தனை கெடுபிடி? நம் காசுகள் வங்காள தேசத்துக்குக் கடத்தப்பட்டு, உருக்கப்பட்டுச் சவர பிளேடாக மாறுவதாக 2007-ல் செய்தி வந்து நாடே திகைத்தது. வித்தை ஆசை இருந்தால் வெறும் உலோகச் சில்லில் செய்த சாமானை வாங்குவதே உத்தமம்.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல பத்து ரூபாய் காசை 'செல்லாது' என்று தமிழ்நாட்டில் பல கடைக்காரர்கள் தள்ளினார்கள். 14 வகைக் காசும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று. நல்ல காசுக்கு இத்தனை சந்தேகம்! அரிசியை இழுக்கும் காசு என்றால் மட்டும் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள்.

'ரைஸ் புல்லர்' பேர்வழிகள்

"அண்ணே, இது கம்பெனி காலத்துச் செம்புக் காசு. இடி விழுந்து இரிடியம் ஏறியிருக்கு. பாருங்க, அரிசியை இழுக்குது!" இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தட்டில் நாலு அரிசி. காசைக் கிட்டே கொண்டுபோனால் அரிசி நகர்ந்து வந்து ஒட்டும். அமெரிக்க விண்வெளி நிலையம் கோடிக்கணக்கில் விலை கொடுக்கும் என்பார்கள். அதற்கு முன் 'சோதனை' செய்ய விஞ்ஞானி வர வேண்டும். அவருக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும்!

இதுவும் காந்தக் காசுதான். இரும்புத்தூள் இருப்பது அரிசியில். இரிடியம் அரிசியையும் இழுக்காது, ஆணியையும் இழுக்காது. அனுமார் படமும், ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும், 1818 என்ற வருஷமும் போட்ட காசைக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை.

தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இந்த மோசடி வழக்காகி இருக்கிறது. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார்கள் வைத்ததே சட்டம். மரவள்ளியும் சாமையும் விளைவித்து மலையாளிப் பழங்குடி மக்கள் சேர்க்கும் பணம் சொற்பம். பாட்டி காலத்துச் செம்புக் காசு பெட்டியில் கிடக்கிற எந்த வீட்டுக் கதவையும் இந்தப் பேர்வழிகள் தட்டலாம்.

படிக்காதவர்தான் ஏமாறுவார் என்று நினைத்தால் அது தப்பு. 2018-ல் டெல்லியில் ஒரு வியாபாரி 1 கோடியே 43 லட்சம் ரூபாயை இதில் கோட்டை விட்டார். விண்வெளி வீரர் போல உடுப்பு மாட்டி வந்த தந்தையும் மகனும் கைதானார்கள்.

இதற்கு மருந்து கண்டவர் கோவை போத்தனூர் பிரேமானந்த். 2009-ல் காலமான இவர், சாமியார்கள் காட்டும் அற்புதங்களைத் தாமே மேடையில் செய்து காட்டிவிட்டு, சூட்சுமத்தையும் போட்டு உடைத்தார். திராவிடர் கழகத்தார் 'மந்திரமா? தந்திரமா?' என்று ஊர் ஊராக நடத்தும் நிகழ்ச்சியும் இதே ரகம்.

யாராவது அரிசி இழுக்கும் காசோடு வந்தால், அவர் கொண்டுவந்த அரிசியைத் தொடாமல் உங்கள் வீட்டுப் பானை அரிசியை வைக்கச் சொல்லுங்கள். ஆசாமி உடனே "ராத்திரி பவர் குறைஞ்சிடுச்சு, நாளைக்கு வரேன்" என்று நழுவினால், போகிற வழியிலேயே போலீசுக்குச் சொல்லலாம். பணம் ஏற்கெனவே செல்போன் வழியாகப் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அடியுங்கள்.