ஓடும்போதே மயங்கினால்

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென மயங்கி விழுந்தால், ‘வெயில் மயக்கம்’ என்று முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, மறுநாளே பயிற்சிக்கு அனுப்பிவிடுவோர் பலர். இதய மருத்துவர்களாகிய நாங்கள் அஞ்சுவது அந்த மயக்கத்தைத்தான். ஓடி முடித்து நின்றபின் வரும் கிறுகிறுப்பு பெரும்பாலும் தீங்கற்றது; ஓட்டத்தின் நடுவே நினைவு தப்புவது அத்தகையதன்று. பரம்பரையாக இதயத் தசை தடித்திருத்தலோ, இதயத் துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் கோளாறோ அதன் பின்னே மறைந்திருக்கக்கூடும்.

இத்தாலி 1982-ஆம் ஆண்டு முதல், போட்டிகளில் இறங்கும் வீரர்கள் அனைவருக்கும் இ.சி.ஜி.யுடன் கூடிய பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு, அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில், இளம் வீரர்களிடையே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்றிருந்த திடீர் இதய மரணம், 2004-க்குள் 0.4 ஆகக் குறைந்தது. எனினும் அமெரிக்க இதயச் சங்கம் எல்லா வீரர்களுக்கும் இ.சி.ஜி. எடுக்கப் பரிந்துரைக்கவில்லை. கடும் பயிற்சியால் மாறிய நலமான இதயமும் தாளில் நோயுற்றதுபோல் தோன்றி, பிள்ளையை வீணாக அச்சுறுத்தலாம் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. விளையாட்டு வீரர்களின் இ.சி.ஜி.யைப் பார்த்துப் பழகியவர் படித்தால் இக்குழப்பம் பெரிதும் குறையும் என்பது எங்கள் கருத்து.

பரிசோதனை அனைத்தையும் கண்டுபிடித்துவிடும் என்பதும் இல்லை. டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இத்தாலியில் ஆடிவந்தவர். அங்குள்ள சோதனைகளுக்கு உட்பட்டவர். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே அவருடைய இதயம் நின்றது. உடனே நெஞ்சை அழுத்தியதும், மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவி அருகிலேயே இருந்ததும் அவரைக் காத்தன. உடலுக்குள் பொருத்திய கருவியுடன் அடுத்த ஆண்டே அவர் மீண்டும் ஆடினார். ஆகவே, பிள்ளை பயிலும் மைதானத்தில் டிஃபிப்ரிலேட்டர் உண்டா, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று பயிற்சியாளரைக் கேளுங்கள்.

எங்களிடம் வரும்போது, இ.சி.ஜி.க்கு முன்பே குடும்பத்தைப் பற்றிக் கேட்போம்: ஐம்பது வயதுக்குள் திடீரென இறந்தவர் எவரேனும் உண்டா? நன்கு நீந்தத் தெரிந்தும் கிணற்றில் மூழ்கியதாகச் சொல்லப்படும் சித்தப்பாவும் இக்கணக்கில் சேர்வார்; நீந்துகையில் இதயத் துடிப்பைப் பிறழச் செய்யும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. இயன்றால் பாட்டியையும் உடன் அழைத்து வாருங்கள். இத்தகைய செய்திகள் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்.