உப்பங்கழிச் சேற்றின் நுண்ணுயிர்களும் உலகின் உஷ்ணமும்

நவி மும்பையைச் சேர்ந்த கோபர்கைரனேயின் மேற்குப் புறத்தில் தானே உப்பங்கழி அமைந்துள்ளது. நீர் வற்றும் வேளையில் அங்குக் கருஞ்சேறும், அதன் விளிம்பில் கண்டல் மரங்களும் காணப்படும். இக்கழியின் ஒரு பகுதி 2015-ஆம் ஆண்டில் பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. பறவைகளின் அழகை அனைவரும் அறிவர். ஆயின், அவை நிற்கும் சேற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் பூமியின் சீதோஷ்ண நிலையோடு கொண்டுள்ள தொடர்பைச் சிலரே அறிவர்.

கண்டல் மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு வளர்கின்றன. உதிர்ந்த இலைகளும் மடிந்த வேர்களும் சேற்றில் புதைகின்றன. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு இல்லாமையால், அவை மிக மெதுவாகவே மட்குகின்றன. இவ்வாறு மரம் ஈர்த்த கரியின் ஒரு பங்கு நெடுங்காலம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

பிராணவாயு இல்லாத சேற்றில் இருவகை நுண்ணுயிர்கள் உணவுக்காகப் போட்டியிடுகின்றன. ஒருவகை, கடல்நீரிலுள்ள ஸல்பேட் உப்பைப் பயன்படுத்தி வாழ்கிறது. சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் இதன் செயலே. மற்றொரு வகை மீதேன் வாயுவை உண்டாக்குகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறாண்டுக் காலத்தில் மீதேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு வெப்பமூட்ட வல்லது. உப்பு நீரில் பெரும்பாலும் முதல் வகையே வெற்றி பெறுகிறது. ஆதலால் உப்பங்கழிச் சேற்றில் மீதேன் குறைவாகவே உண்டாகிறது.

இந்த ஏற்பாடு எளிதில் குலையக்கூடியது. நகரத்தின் கழிவுநீர் மிகுதியாகக் கலந்தால் உப்பு குறைந்து, நுண்ணுயிர்களுக்கு உணவு பெருகி, மீதேனும் பெருகும். மரங்களை வெட்டிக் கரைகட்டி நிலத்தை உலர்த்தினாலோ, காற்று உட்புகுந்து, பன்னெடுங்காலம் சேர்ந்த கரி கரியமில வாயுவாக வெளியேறும். அன்றியும், உஷ்ணம் உயர்ந்தால் நுண்ணுயிர்களின் வேலை விரைவடைகிறது. அவை வெளியிடும் வாயுக்கள் உஷ்ணத்தை மேலும் உயர்த்துகின்றன. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் உறைந்த நிலம் உருகுமிடங்களில் இச்சுழல் இன்று காணப்படுகிறது.

நமது நெல்வயலும் இவ்வகையில் ஒரு சதுப்பு நிலமே. நன்னீர் தேங்கிய வயலில் ஸல்பேட் குறைவாதலால் மீதேன் நுண்ணுயிர்கள் தடையின்றிப் பெருகுகின்றன. எப்பொழுதும் நீரைத் தேக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை இதற்குத் தக்க பரிகாரமாகும். வயலின் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னர் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையலாகாது. இதனால் மீதேன் ஏறக்குறையப் பாதியளவு குறையக்கூடும், நீரும் மிச்சமாகும். ஆயினும் யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால், வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வேறொரு வெப்பவாயு மிகுதியாக எழும். உரத்தின் அளவையும் கவனிக்க வேண்டுமென்பதைக் கள ஊழியர்கள் விவசாயிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

ஆசிரியர்கள் இவ்வாயுவை மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1776-இல் மஜ்ஜோரே ஏரியில் கையாண்ட முறையே போதும். நீர் நிரம்பிய புட்டியைக் குளத்து நீரினுள் தலைகீழாகப் பிடித்து, அதன் கீழுள்ள சேற்றைக் கோலால் கிளறினால், குமிழிகள் ஏறிப் புட்டியில் வாயு சேரும். இது தீப்பற்றக்கூடியது; நெருப்பை அருகில் கொண்டுவரலாகாது. குமிழியில் மீதேன் மிகுதியென்றும், அதை உண்டாக்குபவை பாக்டீரியாக்களினின்றும் வேறான ஆர்க்கியா என்னும் இனமென்றும் விளக்கலாம். அவ்வேறுபாட்டை 1977-இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் பாக்ஸ் ஆகியோர் வெளிப்படுத்தினர்.

நுண்ணுயிர்கள் நமக்கு நண்பருமல்ல, பகைவருமல்ல. காற்று, உப்பு, வெப்பம், உணவு ஆகியவை எவ்வாறு அமைகின்றனவோ, அவ்வாறே அவை தொழிற்படும். அவ்வமைப்பின் பெரும்பகுதி மனிதன் கையிலுள்ளது. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுதலும், கண்டல் காட்டைக் காத்தலும், வயல்நீரை அளந்து பாய்ச்சுதலும் அந்தக் கையின் வேலைகளாகும்.