பத்து நிமிஷத்தில் பிறந்த மெட்டு!

இங்கிலாந்தின் தென்கரையில் பிரிக்ஸம் என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே ஆங்கிலிக்கன் சபைப் பாதிரியாராக இருந்தவர் ஹென்றி பிரான்சிஸ் லைட். க்ஷயரோகம் அவரை உருக்கிக்கொண்டிருந்தது. 1847ம் ஆண்டு சபையாரிடம் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டார். பொழுது சாயும் நேரத்தில் கடவுளைத் துணைக்கு அழைக்கும் "அபைட் வித் மீ" என்ற பாட்டை அந்த நாட்களில்தான் அவர் எழுதினார் என்பார்கள். நவம்பர் 20ந் தேதி நீஸ் நகரில் காலமானார். வயது 54.

பாட்டு உண்டு, மெட்டு?

லைட் தாமே ஒரு மெட்டும் அமைத்திருந்தார். ஆனால் அது பரவவில்லை.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1861ல் "ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்டு மாடர்ன்" என்ற ஞானப்பாட்டுப் புத்தகம் தயாராயிற்று. அதன் சங்கீதப் பகுதியைக் கவனித்தவர் வில்லியம் ஹென்றி மங்க். லைட்டின் பாட்டுக்குப் பொருத்தமான மெட்டு இல்லையே என்று கண்டு, பத்தே நிமிஷத்தில் ஒன்றை எழுதி முடித்தாராம்!

அவர் மனைவி சொன்னது வேறு. அது பெருந்துயரத்தில் இருவரும் வாடிய காலம். தினமும் மாலையில் சூரிய அஸ்தமனத்தைச் சேர்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் கடைசிக் கதிர் மறைந்ததும், மங்க் காகிதத்தை எடுத்து மெட்டை எழுதினாராம்.

எளிமையே வலிமை

வரிக்குப் பத்து அசை. அதற்குள் மெட்டு அடங்க வேண்டும். மங்க் வித்தை காட்டவில்லை. நம் கணக்கில் சொன்னால், 'ஸ' முதல் 'த' வரைக்குள்ளேயே மெட்டு நடமாடுகிறது. அடுத்தடுத்த ஸ்வரங்களில் படியிறங்குவதுபோல் நிதானமாகச் செல்கிறது. சங்கீதம் கற்காதவரும், குரல் தழுதழுப்பவரும் பாடிவிடலாம். மரண வீட்டில் பாட வேறென்ன வேண்டும்?

"ஈவன்டைட்" என்று பெயர் பெற்ற அந்த மெட்டு, பாட்டைக் கடல் கடத்தியது. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் மொழிபெயர்த்து அதே மெட்டில் பாடுகிறார்கள். லண்டன் வெம்பிளி மைதானத்தில், 1927 முதல் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டத்தின்போது பாடுவது வழக்கம்.

காந்தியடிகளுக்கு மிகவும் பிடித்த பாட்டு இது. டில்லியில் ஜனவரி 29ந் தேதி நடக்கும் படைத் திரும்பல் விழாவில் பல்லாண்டுகள் ஒலித்தது. 2022ல்தான் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே அதை யாரும் வாய்திறந்து பாடியதில்லை. பாண்டு வாத்தியம் மட்டுமே. சொல் இல்லாமலே கூட்டம் மௌனமாயிற்று. பாதிரியாரின் பிரார்த்தனையை மங்கின் மெட்டே சொல்லிவிட்டது!